பெரிய வெள்ளியும் மணியின் ஊசியும்

பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டு நாய் மணிக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் நான்தான் இன்சுலின் ஊசி போடுவேன். அப்படியும் இளைத்துக்கொண்டே போனான். கண்ணும் மங்கிவிட்டது. வைத்தியத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்று வீட்டில் ஓயாத பேச்சு.

போன வருஷம், ஏசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி. அன்று மாலை ஆராதனை முடியும்வரை எங்களுக்குச் சமையல் கிடையாது. காலையில் ஊசியைக் கொதிக்கவைக்க மட்டும் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது அவன் கால்கள் வெட்டி இழுக்கக் கிடந்தான்.

"வாயில்லாச் சீவனை இன்னும் எதுக்கு இம்ச பண்ணுதீய? டாக்டர்ட்ட சொல்லி முடிச்சிருங்க" என்று என் மனைவி அழுதாள்.

நானும் அந்த முடிவோடுதான் அவனை டாக்ஸியில் மாட்டுங்காவிலுள்ள மிருக வைத்தியரிடம் தூக்கிப் போனேன்.

"காலம்பற என்ன சாப்பிட்டான்?" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்ல சார். இன்னைக்கு எங்களுக்கு உபவாசம்."

"உபவாசம் உமக்கு ஓய், நாய்க்குமா?"

வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டதால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றினார். சற்று நேரத்தில் மணி தலையைத் தூக்கி என் கையை முகர்ந்தான். வந்த காரியத்தைச் சொல்லாமலே அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

மணிக்கு வியாதி குணமாகவில்லை. ஆனால் அவனாகச் சாப்பிடுகிற காலம்வரை வைத்தியத்தை நிறுத்துவதில்லை என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். இப்போது அவன் தட்டு காலியான பிறகே ஊசியை எடுக்கிறேன். இந்த வருஷம் பெரிய வெள்ளியன்று என் மனைவியே காலையில் எழுந்து அவனுக்கு மட்டும் கஞ்சி வைத்தாள்.