மாமா வைத்த சிவப்புத் தொட்டி

அந்தத் தொட்டியின் அடிவயிறு எப்போதும் ஈரமாகவே இருக்கும். சிவப்புச் சாயம் அடித்து, படுக்கைவாக்கில் நாலு காலில் நிற்கிற இரும்புத் தொட்டி. துணி துவைக்கப் போகும்போதெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்பேன், விரல் நனையும். "வேர்க்குதும்மா. உள்ள கிணத்துத் தண்ணி ஜில்லுன்னு இருக்கு, வெளிய வெயிலு. இரும்பு வேர்க்கத்தான் செய்யும்" என்பார் என் மாமனார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் குழந்தையின் வெள்ளைத் துணியால் அந்த ஈரத்தைத் துடைத்தேன். துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. வேர்வைக்கு ஏது நிறம்? அன்றைக்குப் பிடித்த பயம் அது.

சிம்பாங் ரெங்கம் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பத்து, அதாவது கிராமத்து வீட்டுக்குத்தான் நான் வாழ வந்தேன். அரசாங்கக் குழாய் அப்போது எங்கள் பாதைக்கு வந்திருக்கவில்லை. மாமியார் முன்பே காலமாகிவிட்டார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் முகத்தைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் வீட்டில் நானும் கைக்குழந்தையும் மாமாவும் மட்டும்தான். மாமா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான ஆள், குரலும் அதற்கேற்ற குரல். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கும் சத்தத்துக்கே நான் திடுக்கிடுவேன். கெட்டவர் இல்லை. பயமுறுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

கிணற்று பம்ப்புக்கு ஒரு தொட்டி வேண்டும். அதற்குள் தண்ணீரும், அதன் மேல் அடைபட்ட காற்றும் இருக்கும். குழாயைத் திறந்தால் காற்று தண்ணீரைத் தள்ளும், ஒவ்வொரு முறையும் பம்ப் ஓட வேண்டியதில்லை. கடையில் இதற்கென்றே தொட்டி விற்றார்கள். மாமா அதைத் தகர டப்பா என்று கேலி செய்துவிட்டு, டயர் கடைக்காரன் கழித்துப்போட்ட கம்ப்ரஸர் தொட்டியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினார். காற்றுக்காகச் செய்த தொட்டியில் தண்ணீர் வருஷக்கணக்கில் தேங்கி நின்றால் உள்ளே துரு அரித்துவிடும் என்று அவர் யோசிக்கவில்லை. உள்ளிருக்கும் காற்று தண்ணீரில் கரைந்து குறைந்துபோகும். பம்ப் ‘டக் டக்’ என்று நிமிடத்துக்கு நிமிடம் போட்டு அணையும். உடனே மோட்டார் சைக்கிள் பம்ப்பை எடுத்துவந்து காற்றை ஏற்றுவார். தண்ணீரை வடித்துவிட்டு ஏற்ற வேண்டும், அதற்கெல்லாம் பொறுமை ஏது? அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும். குளியலறையின் பலகைச் சுவருக்கு மறுபக்கம்தான் அந்தத் தொட்டி. சுவருக்கு இந்தப் பக்கம் நான் என் பிள்ளையைக் குளிப்பாட்டினேன்.

சொல்ல வாய் வரவில்லை. சத்தமில்லாமல் குளியலைச் சமையலறைக்கு மாற்றினேன், கிணற்றில் வாளி போட்டு இறைத்து, பிளாஸ்டிக் தொட்டியில். சில நாள் கழித்து மாமா கண்டுபிடித்துவிட்டார்.

"என்னம்மா, பயமா? எத்தன வருஷம் பாய்லர் பாத்தவன்லா நான். வா, காட்டுறேன்."

என் கையிலிருந்த பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மறு கையில் ஸ்பேனர். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டியின் தலையில் தட்டினார். கணீரென்றது. "கேட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தான். நடுவில் தட்டினார், கணீர். குனிந்து அடிப்பக்கம் தட்டினார். சத்தமே எழவில்லை. ஈரப் பலகையில் தட்டியதுபோல் ‘தொப்’ என்றது, அவ்வளவுதான்.

மாமாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பாய்லர் வேலையின் முதல் பாடமாம், பிறகு அவரே சொன்னார். என்னிடம் ஜெயிக்கிற அவசரத்தில் அதை மறந்திருந்தார். மெதுவாக நிமிர்ந்தார். அவ்வளவு மென்மையான குரலை அவரிடம் அதுவரை நான் கேட்டதில்லை.

"புள்ளய வாங்கிக்கம்மா. ரோட்டுக்குப் போ. ஓடாத, நட."

நடந்தேன். ரோட்டோரம் நின்று திரும்பிப் பார்த்தால், மாமா பம்ப்பை அணைத்துவிட்டு, தொட்டியின் பக்கத்திலேயே குந்தி வடிகால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தார். செந்நிறத் தண்ணீர் பீறிட்டது. செபம் சொல்லப் பார்த்தேன், முதல் வரிக்கு மேல் வரவில்லை. இந்த மனிதர் செத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு இருந்த பாசம் அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. முள் பூஜ்யத்துக்கு இறங்கியபின் கையசைத்துக் கூப்பிட்டார். ஸ்க்ரூடிரைவரை அடிப்பக்கத்தில் வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். "உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?" என்றார்.

"டேங்க விட உங்களுக்குத்தான் மாமா அதிகமா பயந்தேன்."

அவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய், இருட்டும்வரை கிணற்றடியில் நின்றார். மறுநாள் குளுவாங் பட்டணத்துக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். காற்றும் தண்ணீரும் கலக்காதபடி உள்ளே ரப்பர் பை வைத்த தொட்டி வாங்கினோம். ஒரு முறை போட்டால் பம்ப் ஒரு நிமிடமாவது ஓடுகிற அளவில் பெரியது, அழுத்தம் மீறினால் தானே திறக்கும் வால்வும் சேர்த்து. கடைக்காரரிடம் கேள்வி கேட்டதெல்லாம் நான்தான். மாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தொட்டியும் ஒரு முறை மாறிவிட்டது. இப்போது பராமரிப்பு என் பொறுப்பு. பம்ப்பை அணைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, காற்றை அளந்து, பம்ப் போடும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். பழகிய வேலைதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் செய்வேன். பயப்படுகிறவள் சிடுசிடுப்பாள், நானும் அப்படித்தான். என் குரலும் இந்த வயதில் தடித்துவிட்டது.

போன மாதம் காற்றை அளந்து முடித்து, பம்ப்பைப் போட்டு, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் கட்டிக்கொண்டு வந்த பெண் பின்கதவோரம் நின்றாள். ஆறு மாதக் கர்ப்பம். உள்ளேயும் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

"என்னம்மா, பயமா இருக்கா?"

"இல்ல அத்தே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மாமா அன்று கேட்ட கேள்வியை, மாமாவின் குரலிலேயே கேட்டிருக்கிறேன். நான் எழுந்து பம்ப்பை அணைத்தேன்.