எதிர்மாடிக் கண்ணாடி

வெயில் சார் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே காணாமல் போயிற்று. மொட்டைமாடிகளில் சோலார் பேனல் வைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். பேனல் ஏற்றுவதற்கு முன்னால் மாடிக்குப் போய், எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து வெயில் விழும், எந்த மரம், எந்தத் தண்ணீர்த் தொட்டி அதை மறிக்கும் என்று அளந்து சொல்ல வேண்டும். சூரியனுக்கு ஜாதகம் எழுதுகிற வேலை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தார். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்கடியில் சூரியன் போகிற பாதைகளை மாதம் மாதமாகக் கோடு போட்ட வட்ட அட்டை. காந்த ஊசியைப் பார்த்துத் திசை சரிசெய்து வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், சுற்றியுள்ள கட்டடமும் மரமும் குமிழுக்குள் குட்டி குட்டியாகத் தெரியும். அவற்றின் விளிம்பைப் பென்சிலால் வரைந்துவிட்டால் கதை முடிந்தது. கட்டடம் மறைத்த கோடெல்லாம் நிழல், மறைக்காத கோடெல்லாம் வெயில். மனுஷன் இந்தக் குமிழைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்று, "வெயில் சார் வர்றாரு, குடையை மடக்குங்கப்பா!" என்று குரல் கொடுப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்த கேலிதான். ஆனாலும் இருவரும் சிரிப்பார்கள்.

அவர் மனைவியைத் தெருவில் தையல் டீச்சர் என்பார்கள். மாடியிலிருந்த தங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு வகுப்பு நடத்தியவள். ஒருநாள் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, விரல்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பிறகு கால். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்தில்லை, கொஞ்சம் தள்ளிப்போடத்தான் முடியும் என்றார். கடைசியில் மூச்சு விடுகிற தசைக்கும் வரும் என்பதை மட்டும் வெயில் சாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் டீச்சர்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

கட்டிலைப் பக்கவாட்டு ஜன்னலோரம் போட்டார். அடுத்த மனை காலியாகக் கிடந்ததால் காலை வெயில் தங்குதடையில்லாமல் வந்து அவள் மடியில் விழும். செயலற்ற கைகளை அந்த வெயிலில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். நாளில் அது ஒன்றுதான் தனக்குப் பிடித்த நேரம் என்பாள்.

அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். வெயில் சார் மேஸ்திரியிடம் போய் எத்தனை மாடி என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவள் தூங்கும்போது குமிழை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். ஊருக்கெல்லாம் எந்த மாடியில் எப்போது நிழல் விழும் என்று சொல்கிறவருக்குச் சொந்த வீட்டுக் கணக்கு பிசகுமா? மூன்றாவது தளம் போட்டால் ஜன்னலுக்கு வெயில் கிடையாது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலையில் அவள் கேட்டாள்: "ஏங்க, வெயிலைக் காணோமே?"

"மேகமா இருக்கு."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் மேகம் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெயில் சார் வீட்லயே இத்தனை மேகமா? வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்." அப்புறம் குரலைத் தணித்து, "கட்டுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? காதுல விழாமயா இருக்கு? போனா போகுது, விடுங்க" என்றாள்.

அவரால் விட முடியவில்லை. அவளுக்கு மிச்சமிருப்பது கொஞ்ச காலம். அந்தக் காலத்தில் தினமும் அவள் மடியில் வெயில் விழ வேண்டும். காலைத் தரமுடியாது, கையைத் தரமுடியாது, மூச்சைத் தரமுடியாது. தன்னிடம் இருக்கிற ஒரே சரக்கு வெயில்தான், அதையாவது கொடுக்காவிட்டால் தான் எதற்கு என்று தோன்றிவிட்டது. தோன்றியது பிடிவாதமாகி, பிடிவாதம் வெறியாயிற்று.

அறைக்குத் தெருப்பக்கம் இன்னொரு ஜன்னல் உண்டு. அந்தத் திசையிலிருந்து எந்த மாதமும் வெயில் கட்டில்வரை எட்டாது. ஆனால் அதற்கு நேர் எதிரே பல் டாக்டரின் மொட்டைமாடி, காலையெல்லாம் காய்கிற மாடி. அங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தித் திருப்பிவிட்டால் வெயில் தெருவைத் தாண்டி ஜன்னலுக்குள் வரும். பீரோக் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இனிமே நான் எதுல முகம் பாக்குறது?" என்றாள் அவள். அவர் திருதிருவென்று விழித்ததும், "சும்மா சொன்னேன். பாக்காம இருக்கறதுதான் நல்லது. கொண்டுபோங்க" என்றாள்.

பல் டாக்டர் மறுபேச்சு பேசாமல் மாடிச் சாவியைக் கொடுத்தார். கண்ணாடியின் முதுகில் நட்டநடுவே மிளகளவு ரசப்பூச்சைச் சுரண்டி ஓட்டையாக்கினார் வெயில் சார். முன்னால் ஒரு கம்பியை நட்டார். பின்னாலிருந்து ஓட்டை வழியே பார்த்து, கம்பியின் நுனியை எதிர் ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணாடியை மெல்ல மெல்லத் திருப்பினால், அந்த ஓட்டை உண்டாக்கும் கறுப்புப் புள்ளி வந்து கம்பி நுனியில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் வெயில் ஜன்னலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியை இம்மி திருப்பினால் அங்கே வெளிச்சம் முழம் தள்ளிப் போய்விடும். முதல் நாள் அது கீழ்வீட்டு ஜன்னலுக்குள் பாய்ந்ததில், முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கன்னத்தைக் கீறிக்கொண்டு, சூரியனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையோரம் வைத்துவிட்டு வந்திருந்தார். டீச்சர் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவர் இங்கே திருப்பினார். "மேல... இன்னும் மேல... கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க... ஐயோ, வந்துட்டு ஓடுது... ம், நிறுத்துங்க!" அப்புறம் அவள் குரல்: "ஏங்க, சூட்டோட வந்திருக்குங்க!" பல் டாக்டர் மாடியில் நின்றுகொண்டு வெயில் சார் குழந்தை மாதிரி அழுதார்.

சூரியன் ஓரிடத்தில் நிற்கிற ஆசாமியா? நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் வேலைக்குப் போகும்வரை அவர் எதிர்மாடியில் நின்றார். "நல்ல கூத்து," என்றாள் டீச்சர் ஒருநாள். "வெயில் வந்தா நீங்க போயிடுறீங்க, நீங்க வந்தா வெயில் போயிடுது." அவர் சிரித்துவைத்தார். அவள் சொன்னதை அதற்குமேல் யோசிக்கவில்லை.

யோசிக்கப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டிலோரம் உட்கார்ந்தால் அவள் கழுத்து சாய்வதும், எச்சில் விழுங்கத் திணறுவதும் கண்ணில் படும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற தெம்பு அவருக்கு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் ஏதோ செய்கிறோம் என்று ஒரு சமாதானம். ஓட்டை வழியே பார்த்தால் ஜன்னல் தெரியும், முகம் தெரியாது. அது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

சமையலுக்கும் துணைக்கும் அவள் தங்கை வந்து சேர்ந்தாள். அதற்குள் நோய் நாக்குக்கும் உதட்டுக்கும் வந்துவிட்டது. பேச்சு மூக்கு வழியாகக் கொழகொழவென்று வரும். 'ப'வும் 'ம'வும் ஒன்றாகிவிட்டன. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. வெயில் சாருக்குப் பழகிவிட்டது. போனில் அவள் எப்படிச் சொன்னாலும் கண்ணாடியைத் திருப்பச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு திருப்புவார். வெளிச்சம் சரியான இடத்துக்கு வந்துவிடும். தனக்கு மட்டும் அவள் பேச்சு விளங்குகிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

அன்றைக்கு அடுத்த மனையில் கான்கிரீட் போட்டார்கள். கலவை மெஷின் காதைக் கிழித்தது. கறுப்புப் புள்ளி கம்பி நுனியில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்த சமயம் போனில் குரல் வந்தது.

"திரும்...ங்க."

இடது பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"திரு...ங்க."

சரி, வலது பக்கம்போல. திருப்பினார். மறுபடியும் அதே சொல். கண்ணாடியை மேலே சாய்த்துப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே சொல், முன்னைவிடச் சின்னதாக வந்தது. கம்பிதான் வளைந்துவிட்டது என்று தீர்மானித்தார். நல்ல வேலைக்காரர் இல்லையா, கருவியைச் சந்தேகப்பட்டார். குனிந்து கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது போனில் தங்கையின் அலறல் கேட்டது: "அத்தான், உடனே ஓடி வாங்க!"

பல் டாக்டர் வீட்டுப் படியிறங்கி, தெருவைத் தாண்டி, தம் வீட்டுப் படியேறி வந்தார். டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் போய்விட்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகும் தங்கை சில நாள் தங்கியிருந்தாள். அத்தானை மூன்று வேளை சாப்பிட வைப்பதே பெரும்பாடாக இருந்தது. அவர் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான். அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளன்றும், துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் அதையே ஆரம்பித்தார்.

"கடைசி வரைக்கும் அவளுக்கு வெயில் நினைப்புதாம்மா. அன்னைக்குன்னு பாத்து எனக்குக் குறி அமையல. திருப்புங்க, திருப்புங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் எப்படியெப்படியோ திருப்பிப் பாத்தேன். கடைசியா ஒரு வெயில் கேட்டா, அதக்கூட ஒழுங்கா கொடுக்கத் துப்பில்லாம போயிட்டேன்."

அவர் தம்மைத் தாமே இப்படி வறுத்தெடுப்பதைத் தங்கையால் பொறுக்க முடியவில்லை. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"ஐயோ, குறியெல்லாம் சரியாத்தான் அத்தான் இருந்துச்சு. நான் அடுப்படிக்குப் போறப்ப வெயில் அக்கா மடியிலதான் விழுந்துச்சு. அக்கா கண்ணாடியைச் சொல்லல."

"பின்ன?"

"அடுப்படியிலேருந்து வந்து நான் கேட்டேனே. கண்ணாடியைத் திருப்பணுமாக்கான்னேன். இல்லன்னு கண்ணை மூடிக்கிட்டா. அத்தான் திரும்பி வரணுமான்னேன். என்னையே பாத்தா, கண்ணுல தண்ணி. உங்களைத்தான் திரும்பச் சொல்லியிருக்கா. உடனே போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டேன்."

வெயில் சார் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கான்கிரீட் போட்டாங்கம்மா, போன்ல சரியா காதுல விழல" என்றார்.

"ஆமா அத்தான். யாருக்கும் விழுந்திருக்காது."

"நீ வர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவ கூப்பிட்டிருப்பா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"ஒரே தடவதான் அத்தான்," என்றாள்.

அவர் சரி என்று தலையாட்டினார். டீச்சர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் திருப்பியவர் அவர்தான். எத்தனை தடவை என்று அவருக்குத் தெரியாதா?