கீட்டோ தேவாலயப் படியில் என் சப்பாத்து

பிள்ளைகளே, மகளோடு முதன்முதலாகத் தென் அமெரிக்காவின் கீட்டோ நகருக்குப் போனேன். பொன் பூசிய பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்க, எங்கள் ஊர் மன்னாரில் செய்வதுபோலப் புதுச் சப்பாத்தை வாசற்படியில் கழற்றி வைத்தேன். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் சப்பாத்து இல்லை.

பழிவாங்கியே தீருவது என்று மறுநாள் என் மற்றச் சப்பாத்துச் சோடிக்குள் வீட்டிலிருந்து கொண்டுபோன கறித்தூளைக் கொட்டினேன். அதை அதே படியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன். கள்ளன் வரவில்லை, மழைதான் வந்தது.

"அப்பா, நனையப்போறம், ஓடிவாங்கோ."

அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு ஓடினேன். ஹோட்டலை அடையுமுன் கால்கள் நெருப்பாய் எரிந்தன.

"கள்ளனைப் பிடிச்சிட்டியளோ அப்பா?" என்று மகள் சிரித்தாள்.

இப்போது சப்பாத்தைப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோகிறேன். கள்ளனை இன்னும் மன்னிக்கவில்லை. நான் இருக்கும் மொன்றியலில் மெற்றோ ரயில் ஏறினாலும் எல்லாருடைய கால்களையும்தான் முதலில் பார்க்கிறேன்.