கொப்பி இல்லாத பாதை

என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

காசு கொடுத்து நடக்கிறவர்களை இந்த நாட்டில்தான் கண்டேன். நான் கோப்பை கழுவும் உணவகத்தின் சமையற்காரன், பிரெஞ்சுக்காரன், விடுமுறைக்கு முன் தன் புதுச் சப்பாத்தைக் காட்டுவான். எங்கோ மலையில் ஐந்து நாள் நடக்கப் போகிறானாம். நீ நடந்திருக்கிறாயா என்று ஒருநாள் கேட்டான். ஊரில் வன்னிக் காட்டுவழியே நாலு மாதம் என்றேன். "மக்னிஃபிக்", பிரமாதமாம், என்று தோளில் தட்டினான். அன்று அவனுடைய சட்டிகளை அரைகுறையாகத்தான் கழுவினேன்.

மகள் அபிநயா இங்கே பிறந்தவள். வேலை கிடைத்த முதல் வருடமே, பெரு நாட்டில் இன்காக்களின் இடிபாடுகள்வரை அப்பாவோடு நடக்க வேண்டும் என்றாள். மனைவி முழங்கால் வருத்தம் சொல்லித் தப்பிவிட்டாள். பாரிசின் புறநகர் லெ பிளாங்-மெனிலில் எங்கள் குசினி மேசையில் மகள் இரண்டு பாதைகளை விரித்தாள். மச்சுபிச்சுவுக்குப் போகும் பெயர்பெற்ற பாதைக்குப் பாஸ்போட் இலக்கத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், வாசலில் சரிபார்ப்பார்கள். மற்றது சோக்கெக்கிராவ். அதிகம் பேர் அறியாதது, ஏற்றமும் இறக்கமும் கொடுமை. பதிவு பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதில் விரலை வைத்தேன். அப்பாவுக்கு அமைதி பிடிக்கும் என்று அவள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாள். நான் திருத்தவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கும்போது ஊர்க்காரன் சிவம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "என்ன அண்ணை, வன்னியிலை நடந்தது காணாதே? காசு குடுத்து வேறை நடக்கப் போறியளோ?" கடையே சிரித்தது. நான் தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழும்பினேன்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கொட்டில் இருந்தது. உள்ளே ஒரு காவலாளி, அவன் முன்னால் பதிவுக் கொப்பி. பெயர், பாஸ்போட் இலக்கம், போன நாள், திரும்பிய நாள். நான் பின்னால் நின்றேன். மகளே இருவருக்கும் எழுதினாள். ஆறுவரை இறங்கி, மறுகரையில் அதேயளவு ஏறினோம். ஒவ்வொரு அடியையும் வெறுத்தேன். வெளியாரிடமிருந்து தப்பிய இன்காக்கள் இந்த மலைகளுக்குள்தான் ஒதுங்கினார்கள் என்று மகள் கைபேசியில் வாசித்தாள். அழகு என்றாள். எனக்கு அழகு தெரியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கத்தால் ஓடலாம் என்றுதான் பார்த்தேன்.

திரும்பி வருகையில் அவள் கொட்டிலுக்குள் கையெழுத்திடப் போனாள். நான் பின்புறப் பற்றைக்குள்ளால் சுற்றி றோட்டுக்கு வந்துவிட்டேன். அரைமணி நேரம் மகளும் காவலாளியும் என்னைக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் காவலாளி சிரித்தபடி கொப்பியோடு வந்து பேனையை நீட்டினான். மகள் பிரெஞ்சில் கத்தினாள், பிறகு தமிழில்.

"அப்பா, உங்களிட்டை பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு. ஆருக்கு ஒளிக்கிறியள்?"

எனக்காகத் தானே கையெழுத்திடப் பேனையை வாங்கினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம். உன்ர சித்தப்பாவும் இப்பிடித்தான் கொப்பியிலை பேர் குடுத்தவர்."

தனக்கொரு சித்தப்பா இருந்ததே அவளுக்குத் தெரியாது. தொண்ணூற்றேழில் வன்னியிலிருந்து வெளியேறும் வழியில், ஆமிக்காரரின் வரிசையில் தம்பி எனக்கு முன் நின்றான். பெயரை எழுதினார்கள், லொறியில் ஏற்றினார்கள். நான் மெதுவாக வரிசையை விட்டு விலகிவிட்டேன். அந்தக் கொப்பியை இன்றுவரை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

"அதுக்குத்தானோ இந்தப் பாதையைக் காட்டினீங்கள்?"

"ஓம்."

விமானத்தில் அவள் என்னோடு பேசவில்லை. வந்து இரண்டு மாதமும் பேசவில்லை. நான் பாரிசில் கோப்பை கழுவுகிறேன்; அந்த மலைக் கொப்பியிலோ என் பெயருக்கு நேரே திரும்பிய நாள் இல்லை. அதன்படி நான் இன்னும் இறங்கவில்லை.

போன கிழமை ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தில் ரயிலுக்கு நிற்கையில் மகள் தமிழிலேயே கேட்டாள், சித்தப்பாவின்ர பேர் என்ன என்று. வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அவன் பெயர் ரூபன்.

ஞாயிற்றுக்கிழமை, 3 கார்த்திகை 2024