தமயந்தி அடங்கிய கதை

என் நாத்தனார் தமயந்தி ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொடைக்கானலுக்கு மேலே எங்கள் கவுஞ்சியில் யாரும் கிடையாது. நான் பழனியிலிருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்றைக்கு, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு பெண் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கையில் ஒரு காய்ந்த பூண்டுச் செடித் தாள். அதை விரல்களுக்கு இடையில் சுழற்றுவாள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். "யாருங்க அது, இருப்புக்கொள்ளாம திரியுது?" என்று கேட்டேன். "என் தங்கச்சி" என்றார் என் வீட்டுக்காரர் பாலமுருகன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அன்றைக்கு அதோடு மூடிக்கொண்டேன்.

விடிந்ததும் கிளம்பிவிடுவாள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், அங்கிருந்து பூண்டி போகிற ரோட்டில் ஒரு வளைவு வரை, பிறகு கேரட்டுத் தோட்டங்களின் வரப்பு வழியாக இறங்கி வீடு. வந்ததும் ஒரு வாய் தண்ணீர், மறுபடி பஸ் ஸ்டாப். மழையானாலும் சரி, எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனியானாலும் சரி. பேச்சு நாலைந்து வார்த்தைதான். "போ", "வேணாம்", "சோறு". வழியை யாராவது மறித்து நின்றால் "போ" என்பாள், அவர்கள் நகருகிற வரைக்கும் அப்படியே நிற்பாள். சின்ன வயதில் கொடைக்கானலில் ஒரு முகாமில் பார்த்த டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார். என் மாமியார் பிச்சையம்மாள் அதை ஊருக்கு இப்படி விளக்குவார்: "ஆட்டிசம்ங்க. ஒண்ணுஞ் செய்யாது. நடந்துக்கிட்டே இருக்கும்."

நடையைப் போலவே சாப்பாட்டிலும் அவளுக்கு ஒரே பாதைதான். வெள்ளையாக இருந்தால் சாப்பிடுவாள். சோறு, அதில் அவளே போட்டுக்கொள்கிற உப்பு, காய்ச்சிய பால், தோலை உரித்த உருளைக்கிழங்கு. சோற்றில் ஒரு கடுகு விழுந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு மழைக்காலத்தில் அத்தை வேகவைத்துக் கொடுத்த கிழங்கு உள்ளே கருத்துப்போயிருந்தது. கடித்தவள் துப்பினாள். அன்றோடு கிழங்கும் போனது. சோறும் பாலும் மட்டும் என்றாகிவிட்டது. சோறு பால் சாப்பிடுகிறாளே, அது போதாதா என்று எல்லோரும் இருந்துவிட்டோம். எங்கள் வீட்டில் காய்கறிக்கா பஞ்சம்? கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் மூட்டை மூட்டையாக வாசலில் கிடக்கும், லாரி வந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அள்ளிக்கொண்டு போகும்.

அத்தைக்கு இருந்த ஒரே பயம் அந்த நடை. ஒரு நாள் பனியில் தமயந்தியைத் தேடிப் போனபோது, ரோட்டோரத்தில் ஒரு காட்டுமாட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, அதைப் பார்த்து "போ, போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். மாடு என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது. அத்தை அங்கேயே ரோட்டில் விழுந்து பழனி மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "இவள ஒரு எடத்துல உக்கார வையி முருகா. ஒனக்கு இவ முடியக் குடுக்குறேன்."

மறு வருஷம் பூண்டு எடுத்து முடித்த சமயத்தில் தமயந்தி உட்கார்ந்துவிட்டாள்.

ஒரேயடியாக இல்லை. முதலில் பூண்டி ரோட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்போடு திரும்பினாள். பிறகு வாசல் படலோடு. பிறகு வீட்டுக்குள், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் எழவே இல்லை. அத்தை அழுதுவிட்டார், சந்தோஷத்தில். "முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னார். அடுத்த வீட்டுக் குப்பம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைன்னா இப்பிடியில்ல இருக்கணும். எப்பிடி அடங்கிட்டா பாரு" என்றாள். அடங்கிவிட்டாள், அடங்கிவிட்டாள் என்று ஊரே சொன்னது. பஸ் டிரைவர்கூட ஜன்னல் வழியே விசாரித்தார்.

எனக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலடிச் சத்தத்தை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன், அது இல்லாத வீட்டில் அடுப்படியில் நிற்க முடியவில்லை. போய்ப் போய் அவளைப் பார்த்தேன். அவள் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருந்தாள். காலை நீட்டிவிடலாம் என்று தொட்டேன். தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டு அலறினாள்.

"தொடாத ஜோதி. இப்பத்தான் அவளுக்கு வெக்கம்னு ஒண்ணு வந்துருக்கு" என்றார் அத்தை.

"வெக்கமா அத்தை இது?"

"வேற என்னத்தா?"

எங்கள் குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர், சால்வை, காலுறை என்று மூட்டை கட்டிய மாதிரிதான் இருப்போம். அவளுக்குத் துணி மாற்றுகிறபோது காலில் கறுப்பும் நீலமுமாகப் புள்ளிகளைப் பார்த்தேன். அட்டை கடித்த தழும்பு என்றார்கள். வெளியிலேயே போகாதவளை அட்டை எங்கிருந்து கடிக்கும் என்று கேட்டதற்கு, எனக்கு வாய் நீளம் என்றார்கள்.

அப்புறம்தான் அந்தச் சோறு. ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் அள்ளப் போனவள் தட்டையே பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த பருக்கை சிவந்திருந்தது. அவள் ஈறிலிருந்து கசிந்த ரத்தம். அது வெள்ளை இல்லையே. "வேணாம்" என்று தட்டைத் தள்ளினாள். புதுச் சோறு போட்டுக் கொடுத்தேன். அதுவும் முதல் வாயிலேயே சிவந்தது, அதையும் தள்ளினாள். பசியோடு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன்.

"ஏங்க, வெரசா வாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இவ செத்துருவா."

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். அத்தை குறுக்கே நின்றார். "நேத்திக்கடன வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போறதா? அதக் குடுக்காம இழுத்தடிச்சதுனாலதான் சாமி இப்பிடிக் காட்டுது. மொதல்ல முடிய எடுப்போம்." என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இப்படிப் பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போகிறது இவருக்கு. கடைசியில் நான்தான் சொன்னேன்: "சரி, பழனிக்கே போவோம். அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு."

வெள்ளனே ஜீப்பில் கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டி இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் அவள் முனகல் ஏறி ஏறி இறங்கியது. அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கனம் இல்லை, சால்வைதான் கனம் என்றார். முடியெடுக்கிற கூடத்தில் கூட்டம், சத்தம். அவள் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் சுருண்டாள்.

நாவிதர் தண்ணீரைத் தெளித்து நடு நெற்றியிலிருந்து கத்தியை ஓர் இழுப்பு இழுத்தார். உடனே நிறுத்திவிட்டார். வழித்த இடத்தில் வரிசையாக ரத்தம் துளிர்த்துக்கொண்டிருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சு நனைந்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை.

"என்னம்மா இது, மயிர்க்காலச் சுத்திப் புள்ளிபுள்ளியா ரத்தம் கட்டியிருக்கு? கத்தி சரியாக்கூடப் படலயே. நான் எடுக்க மாட்டேன்."

"பாதியில விட்டா சாமி குத்தமாயிரும்ங்க" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

நெற்றிக்கு மேல் ஒரு பட்டை வழித்த தலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது லேடி டாக்டர். முதலில் தமயந்தியைத் தொடவே இல்லை. அவள் முனகுகிறபோது வாய் திறக்கிற நேரமாகப் பார்த்து டார்ச் அடித்தார். ஈறு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி வீங்கிக் கிடந்தது. காலுறையை மெதுவாக இறக்கிப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுவாங்க?"

அத்தை பெருமையாகவே சொன்னார். "எங்க வீட்டுல எல்லாங் கெடக்குங்க. கேரட்டு, பீன்ஸு, பட்டாணி, கோசு, எதுக்குங்க பஞ்சம்?"

"அதெல்லாம் சந்தைக்குப் போகுது. இவங்க தட்டுல என்ன விழுது?"

"சோறு" என்றேன் நான். "பாலு. அவ்வளவுதாங்க டாக்டர்."

"எத்தனை நாளா?"

அத்தை மழைக்காலத்திலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ஸ்கர்வி என்று பெயராம். மாதக்கணக்கில் காய், பழம் இல்லாமல் கடலில் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் வந்த வியாதியாம். வைட்டமின் சி துளியும் இல்லாமல் போனால் ஈறு கசியும், தோலுக்கடியில் கசியும், கால் எலும்பை ஒட்டியும் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள சிலர் இப்படி ஒன்றிரண்டு உணவோடு நின்றுவிடுவார்கள், பல்லோ வயிறோ காலோ வலித்தால் நம்மைப் போலச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் வழக்கத்தில் ஏதாவது மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்றார்.

கடலில் போனவர்களுக்கு வந்த வியாதி, கேரட்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு வந்திருக்கிறது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அத்தை மெதுவாகக் கேட்டார். "அப்ப இவ அடங்கலயாங்க?"

"இல்லம்மா. காலை ஊன முடியல. வலி."

வெளியே பெஞ்சில் வந்து அத்தை உட்கார்ந்தார். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான ஜோதி கேட்டேன். இவள உக்கார வையின்னு நாந்தான அவன்ட்டக் கேட்டேன். வச்சுட்டான்."

"முருகனுக்கு வேற சோலியில்லையா அத்தை? அழுகுன கெழங்கயும் அவந்தான் குடுத்தானா?" என்றேன். சொல்லிவிட்டு நானும் அவரோடு சேர்ந்து அழுதேன்.

வார்டில் ஊசி போட்டார்கள். ஊசிக்கு அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள்ளேயே முனகல் குறைந்தது. ஒரு காலை, சோறு தின்ற தட்டில் சிவப்பே இல்லை. முழுத் தட்டையும் வழித்துத் தின்றுவிட்டு "சோறு" என்று மறுபடி நீட்டினாள். அத்தை ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாக முருகா என்று கத்த, நர்சு வந்து அதட்டினார்.

ஊருக்கு வந்த பிறகுதான் பெரிய பாடு. கொடுத்தனுப்பிய மாத்திரை ஆரஞ்சு நிறம். கண்ணால் கண்டதுமே "வேணாம்". பொடித்துப் பாலில் கலந்தேன், அந்தப் புளிப்புக்குப் பால் திரிந்துவிட்டது. அவள் அன்றோடு பாலையும் நிறுத்திவிட்டாள். இருந்த இரண்டில் ஒன்று போச்சு என்று வீடே என் மேல் விழுந்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெள்ளை நிறத்தில் வருகிற மாத்திரையாக வாங்கிப் பொடித்து, அவளுடைய உப்புக் கிண்ணத்தில் முதலில் ஒரு சிட்டிகை மட்டும் கலக்கச் சொன்னார். முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போட்டுக்கொண்டாள். கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினேன். கிழங்கை இன்னும் தொடவில்லை. தினமும் ஒன்றை வெள்ளையாக உரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அவள் தினமும் அதைச் சுவரோரமாகத் தள்ளி வைக்கிறாள்.

சுவரைப் பிடித்து நின்றாள். படல் வரை போனாள். ஒரு நாள் நாங்கள் பட்டாணி பறித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஆளே இல்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஓடினார், பின்னால் நான். பஸ் ஸ்டாப்பில் இருந்தாள், காலைச் சாய்த்துச் சாய்த்து, பூண்டுத் தாளோடு. அத்தை அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து போனார். மறு வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போய், மகள் மறுபடி நடந்ததற்குத் தன் முடியை எடுத்துவிட்டு வந்தார்.

காட்டுமாடு இப்போதும் வருகிறது. பயம் இப்போதும் இருக்கிறது. பனி இறங்கினால் எங்களில் ஒருவர் அவள் பின்னால் போகிறோம்.

போன வாரம் நானும் அத்தையும் ரோட்டோரம் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது குப்பம்மாள் வந்தாள். பூண்டி ரோட்டில் தமயந்தி வருவதைப் பார்த்துவிட்டு, "மறுபடி ஆரம்பிச்சுட்டாளாக்கும்? நல்லா அடங்கித்தான இருந்தா. அப்ப ஒன் வேண்டுதல் பலிக்கலயா பிச்சை?" என்று கேட்டாள்.

அத்தை தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"பலிச்சுருச்சே. அதான் நடக்குறா."

அதற்குள் தமயந்தி எங்களுக்கு நேரே வந்து நின்றுவிட்டாள். வழியில் குப்பம்மாள். "போ" என்றாள் தமயந்தி.

"நகருத்தா அங்கிட்டு" என்று அத்தை குப்பம்மாளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "எம் மக போகணும்."