வாசலில் கத்திய பூனை

1. புதன்கிழமை மாலை, சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு இயந்திர நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுபோனேன்.
2. சுவிட்சைப் போட்டதும் அது வாலாட்டிக்கொண்டு அந்த வீட்டு முதியவர் காதர் மாமாவின் பக்கம் தலையைத் திருப்பியது.
3. மாமா கைலியைச் சுருட்டிப் பிடித்தபடி இரண்டு கால்களையும் சோபாமேல் ஏற்றிக்கொண்டார்.
4. அவருடைய மகள் நூர்ஜஹான் அக்கா நாயின்மேல் துண்டைப் போட்டு மூடினார்.
5. துண்டுக்குள்ளிருந்து நாய் குரைத்தது.

மறதி நோய் வந்த முதியவர்களுக்குத் துணையாக இயந்திரப் பிராணிகளைக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. காதர் மாமாவுக்குச் சில நாள் மகளின் பெயரே நினைவுக்கு வராது. ஆனால் பொழுது சாய்ந்தால் தேக்கா வட்டாரத்தில் தன் கடையைப் பூட்ட வேண்டும் என்று கிளம்பிவிடுவார். கடையை விற்றுப் பல வருடங்களாகிவிட்டன. அக்காவுக்கு மாலை ஷிப்ட். அந்நேரம் துணைக்கு வரும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவால் அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. இப்படியே போனால் ஏதாவதொரு முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேட்டரி நாய் லா, எச்சில்கூட வராதே!" என்று நடந்ததைக் கேட்ட என் சீன மேலாளர் ஆங்கிலத்தில் வியந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தென்காசியில் எங்கள் நாயோடு முஸ்லிம் வீடுகளைக் கடக்கும்போது, தொழுகிறவர்கள்மேல் நாயின் எச்சில் பட்டுவிடாதபடி கயிற்றைச் சுருக்கிப் பிடிப்போம். யாரும் சொல்லித் தந்ததில்லை, கைக்கே தெரியும். சிங்கப்பூர் வந்தபின் என் கை அதை மறந்துவிட்டது. மாமாவின் கால்கள் மறக்கவில்லை.

அடுத்த வாரம் இயந்திரப் பூனையைக் கொண்டுபோனேன். இம்முறை மாமாவின் முன்னால் வைக்கவில்லை. அடுக்குமாடி நடைபாதையில் தெருப்பூனைகள் படுத்திருக்கும் இடத்தில், வாசல் செருப்பு அலமாரியின் அருகே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பூனை கத்தியது. மாமா எழுந்து போனார்.

"யார் வீட்டுப் பூனை இது? சோறு வச்சீங்களா?"

அக்காவுக்குப் பொய் வராது. "அத்தா, அது மெஷின்."

"மெஷின்னா என்ன? கத்துதுல்ல?"

தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டார். பூனை கண்ணை மூடிக் குர்ர்ரென்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"தென்காசி, மாமா."

"அட, நம்ம பக்கம்! பூனை உன்னதா? எப்ப ஊருக்குப் போறே?"

"பொங்கலுக்கு."

"போய்ட்டு வா. வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து மாலையானால் பூனையோடு சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார். கடை ஞாபகம் வரத்தான் செய்கிறது. "அந்தப் புள்ள பூனைய விட்டுட்டு எங்க போறது?" என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாராம்.

பொங்கலுக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பேட்டரி மாற்ற வேண்டிய நாட்களில், மாமா மதியம் தூங்கும்போது அக்கா பூனையைக் கீழே கொண்டுவருவார். புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் மாற்றிக் கொடுப்பேன். மேலே போவதில்லை. என்னை அடையாளம் கண்டு, பூனையை ஒப்படைத்துவிட்டுக் கடையைப் பூட்டக் கிளம்பிவிட்டால்?

இப்போதைய நிலவரம்: அக்கா வேலைக்குப் போகிறார். மாமா வீட்டில் இருக்கிறார். நான் லிட்டில் இந்தியாவில் வாடகை அறையில் இருக்கிறேன். மாமாவைப் பொறுத்தவரை, இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை.