யார் பெயரில் ரசீது?

வருமான வரிப் பாரத்தில் அம்மாவின் மருத்துவச் செலவைக் கழிக்கலாம் என்று, இன்று கோல சிலாங்கூரில் அம்மா வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குப் போனேன்.

முகப்பில் இருந்த பெண்ணிடம், "ரெசிட்டெல்லாம் தொலைஞ்சி போச்சிமா. காப்பி கிடைக்குமா?" என்றேன்.

கம்ப்யூட்டரைத் தட்டினாள். "போன வருசம் அம்மா பதினோரு தடவ வந்திருக்காங்கண்ணே. எல்லா ரெசிட்டும் உங்க தங்கச்சி பேர்லதான் இருக்கு. உங்க பேர்ல ஒன்னும் இல்ல லா."

"நல்லா பாருமா. ரெண்டு மூனு தடவ நான் கட்டியிருப்பேன்."

மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தங்கைக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. வருமான வரி கட்டும் அளவுக்கு அவளுக்குச் சம்பளமே இல்லை.

மாதம் ஒருமுறை அம்மாவைப் போனில் நலம் விசாரித்ததற்கு வரிக்கழிவு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.